மனு முடிந்தது; பதிவு என்ன ஆகிறது?

‘உங்களுடன் ஸ்டாலின்’ திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2025 ஜூலை 15-இல் சிதம்பரத்தில் தொடங்கிவைத்தார். மாநிலம் முழுவதும் 10,000 முகாம்கள், நகரப் பகுதிகளில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊரகப் பகுதிகளில் 15 துறைகளின் 46 சேவைகள், 45 நாள்களுக்குள் தீர்வு என்று அறிவிக்கப்பட்டது. எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் வேண்டிய அளவு வாதிட்டுவிட்டன. என் கேள்வி வேறு. முடிந்ததாகக் குறிக்கப்பட்ட மனுவின் பதிவு கணினியில் எத்தனை ஆண்டுகள் இருக்கும்? அதை அழிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு?

இது எழுத்தர்களின் கவலை மட்டுமன்று. ஒரு மனுவோடு ஆதார் நகல், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், சில வேளைகளில் சாதிச் சான்றும் நிலப் பத்திரமும் சேர்ந்து போகின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், இத்திட்டத்தில் அளிக்கப்பட்ட மனுக்கள் வைகை ஆற்றில் மிதந்தபோது மாநிலமே பேசியது. தாள் மிதந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. கணினியில் ஒரு பதிவு காணாமற்போனாலும், போக வேண்டிய பதிவு போகாமல் தங்கிவிட்டாலும், யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பழைய அலுவலக நடைமுறை இந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்தது. அரசுக் கடிதங்களின் தலைப்பில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்ற எழுத்துகளைப் பலரும் பார்த்திருப்பார்கள்; பொருளைக் கேட்டறிந்தவர்கள் குறைவு. ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்பனவே அவை. நிரந்தரமாக வைக்க வேண்டியவை தனி வகை. மனுதாரரிடமே மூலத்தைத் திருப்பிவிட்டு அலுவலகத்தில் எதையும் வைக்காத வகையும் உண்டு. ஒரு கோப்பை முடிக்கும் அன்றே அதன் ஆயுளும் தீர்மானிக்கப்பட்டுவிடும் என்பதே இதன் சிறப்பு. தென்னார்க்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் கடலூர் ஆட்சியரகத்தின் பதிவறையும் இந்த முறைக்கு உட்பட்டதுதான்.

முறை இருந்தது என்பதால் பதிவறைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன என்று நான் சொல்லவில்லை. பூட்டிய அறையில் எதை வைப்பது, எதை விடுவது என்பதைக் கரையானிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதைத் தில்லையில் தேவார ஏடுகள் மீட்கப்பட்ட கதையே சொல்லும். எஞ்சியது போதும் என்று ஆறுதல் கொள்ள ஏடுகளுக்கு இறையருள் துணை இருந்தது. பட்டா மனுவுக்கு அந்தத் துணை இல்லை.

கணினிவழி மனுப் பரிசீலனையில் ஒவ்வொரு மனுவும் மேசைக்கு மேசை நகரும்போது ஒரு வரி பதிவாகிறது. முடிந்தவை கீழே படிந்துகொண்டே போகும். அவற்றின் ஆயுளை முன்கூட்டியே வரையறுக்காவிட்டால், சேமிப்பகம் நிறைந்து தேடல் மந்தமாகும் ஒரு நாளில், ‘இந்தத் தேதிக்கு முந்தையவற்றை நீக்கு’ என்ற எளிய வழியே யாருக்கும் தோன்றும். ஆபத்து அங்குதான். முகாம் மென்பொருளில் ஒரு மனு முடிந்துவிட்டதாலேயே, அது கிளப்பிய வேலை முடிந்துவிட்டதாகாது. உட்பிரிவுப் பட்டா கேட்டவரின் மனு ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று முடிக்கப்பட்டிருக்கலாம். நில அளவை அதற்குப் பிறகுதான் தொடங்கும். வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு, அதற்கும் அப்பால் உரிமையியல் நீதிமன்றம். இத்தனை படிகளுக்கும் அடிப்படை, முதலில் மறுத்தபோது எழுதிய காரணம். தேதியை மட்டும் பார்த்து நீக்குபவருக்கு இந்தத் தொடர்ச்சி தெரியாது.

கடலூர் மாவட்டத்துக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்துப் பார்த்த மாவட்டம் இது. தேவனாம்பட்டினத்திலோ கிள்ளையிலோ வீட்டோடு காகிதங்களையும் இழந்த குடும்பத்துக்கு, அலுவலகத்தில் உள்ள பதிவுதான் ஒரே சான்று. அதை அலுவலகமும் அழித்துவிட்டால் அந்தக் குடும்பம் தன் கோரிக்கையைப் புதிய மனுவாக, புதிய எண்ணில், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பதும் தீர்வாகாது. 2023-ஆம் ஆண்டின் எண்ம வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறியதும் தரவை அழிக்க வேண்டும் என்கிறது. ஆனால் 17-ஆம் பிரிவு அந்தக் கடமையிலிருந்து அரசுக்கு விலக்களிக்கிறது. வணிக நிறுவனத்திடம் ‘என் விவரத்தை அழி’ என்று கேட்கலாம், வட்டாட்சியர் அலுவலகத்திடம் கேட்க முடியாது. பொது ஆவணங்களை விதிப்படியன்றி அழிக்கக் கூடாது என்னும் 1993-ஆம் ஆண்டுச் சட்டமோ மத்திய அரசு, ஒன்றியப் பகுதிகளின் பதிவுகளுக்கானது. இரண்டுக்கும் இடையில் மாநில அரசின் மனுப் பதிவுகள் நிற்கின்றன.

பெரிய அளவில் பதிவுகளை நீக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அண்மைய முன்னுதாரணம் வாக்காளர் பட்டியல். தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19-இல் வெளியான வரைவில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அந்தத் திருத்தத்தின் நோக்கம் பற்றிய சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். நீக்கப்பட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று பிகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 14-இல் இட்ட உத்தரவுதான் இங்கு முக்கியம். இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணம் தெரிந்தால்தான் உயிரோடிருப்பவர் வந்து மறுக்க முடியும்.

மனுக்களிலும் அப்படியே செய்யலாம் என்பது என் கருத்து. ஆணையும் அதன் காரணமும் ஒரு வகை. இணைப்பு நகல்கள் இன்னொரு வகை. நிலம் தொடர்பான ஆணை நிரந்தரமாக இருக்கட்டும். ஆதார், வங்கி நகல்கள் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் போகட்டும். ஒருவரே மூன்று முறை மனு கொடுத்திருந்தால் இரண்டை அழிக்காமல் மூன்றையும் ஒரே சங்கிலியில் கோக்க வேண்டும். அவர் ஏன் மூன்று முறை வர நேர்ந்தது என்பதும் நிர்வாகம் அறிய வேண்டிய செய்திதான். எதை அழித்தாலும் மனு எண், தேதி, அழித்த அலுவலர், காரணம் ஆகியவை கொண்ட ஒரு வரி மிஞ்சியிருக்க வேண்டும்.

புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன்னிடமுள்ள ஆவண வகைகளைத் தானாகவே வெளியிடப் பணிக்கிறது. அந்தப் பட்டியலில் ‘எத்தனை ஆண்டு’ என்ற ஒரு பத்தியைச் சேர்க்க, கடலூர் ஆட்சியரகத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.