சீனப் போர்க்கலையும் போதிதருமர் கதையும்

சீனத்துப் போர்க்கலை நம்மவர் இட்ட பிச்சை என்று பேசுவது இன்று நம் மாணவரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் போதிதருமர், ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டை பயிற்றினார். குங்ஃபூ முழுவதும் அதிலிருந்தே பிறந்தது என்பது கதை. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ என்னும் திரைப்படம் இக்கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. வகுப்பறையில் இதனை வரலாறென்றே ஒப்புவிப்போரும் உளர். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், இனிமை உண்மைக்குச் சான்றாகுமா?

ஏடுகளைப் புரட்டுவோம். போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல், 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி என்பார் லோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதியதாகும். அது அவரைப் பாரசீகர் என்கிறது. அவருடைய மாணாக்கர் எனப்படும் தான்லின், அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். இவ்விரு குறிப்புகளிலும் காஞ்சியில்லை, பல்லவரில்லை, போர்க்கலை என்ற பேச்சே இல்லை. உடற்பயிற்சியை அவர் பெயரோடு பிணைக்கும் ‘யீஜின் ஜிங்’ என்ற நூல் 1624ஆம் ஆண்டளவில், அதாவது அவர் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளின் பின்னரே தலைகாட்டுகிறது. அதன் முன்னுரை 628இல் எழுதப்பட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆயின், கற்பனைக் கதையொன்றின் வீரனை அம்முன்னுரை உண்மை மனிதனாகவே பேசுகிறது! பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற சீன அறிஞர் இப்புரட்டை எள்ளி நகையாடிவிட்டார். ஷாவோலின் துறவிகள்தாமும் மிங் ஆட்சிக் காலத்தில் தம் கோற்சண்டைக்கு மூலவராகப் போதிதருமரைக் கூறினாரல்லர். கின்னரத் தெய்வமொன்றையே கூறினர்.

அவ்வாறாயின் இக்கலை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வரவில்லை, மண்ணிலிருந்து வந்தது. ஷாவோலின் மடம் நிலவுடைமை கொண்ட மடம். 621இல் அதன் துறவிகள் லீ ஷிமினின் பக்கம் நின்று போரிட்டதற்குக் கைம்மாறாக, அம்மடம் நிலமும் நீரால் இயங்கும் ஆலையும் பெற்றது. 728இல் நாட்டப்பட்ட கல்வெட்டு இதற்குச் சான்று பகர்கிறது. ஞானம் கோலேந்தவில்லை, சொத்தும் பாதுகாப்புமே அதனை ஏந்தவைத்தன. பின்னர், பதினாறாம் நூற்றாண்டில் சீனத்தின் கரையோரங்களைக் கடற்கொள்ளையர் சூறையாடினர். அவர்களை முறியடித்த தளபதி சீ ஜீகுவாங், யீவூ என்னும் பகுதியின் உழவரையும் சுரங்கத் தொழிலாளரையும் திரட்டினார். கேடயம், ஈட்டி, கிளை நறுக்காத மூங்கிற் கழி ஆகியவற்றைப் பத்துப் பன்னிருவர் ஒரே அணியாக நின்று கையாள அவர் பயிற்றினார். 1560இல் அவர் எழுதிய போர்நூலில், வழக்கிலிருந்த கைச்சண்டை முறைகள் பலவற்றிலிருந்து முப்பத்திரண்டு நிலைகளைத் தெரிந்து தொகுத்தார். தாய்ச்சி மலைவாழ் சித்தரான சாங் சான்பெங் கண்டது என்றொரு கதையும் உண்டு. 1930களில் தாங் ஹாவோ என்ற ஆய்வாளர் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரின் கிராமத்துக்கே சென்று, அவர்தம் குலவரலாற்றேடுகளை ஆராய்ந்தார். சித்தரை அவர் காணவில்லை; பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்தொழில் விட்டு ஊர் திரும்பிய சென் வாங்திங் என்பவரையே கண்டார். போதிதருமர் கதையையும் அவரே சான்று காட்டித் தகர்த்தார்.

உழவரும் போர்வீரரும் ஊர்க்காவலரும் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்தி உருவாக்கிய ஒன்றை ஓர் இளவரசரின் காலடியில் வைப்பது என்ன நியாயம்? நமது சிலம்பத்தை அயல்நாட்டரசன் ஒருவன் நமக்குக் கற்பித்தான் என்று எவராவது எழுதினால் நாம் வாளாவிருப்போமா? மற்றோர் இனத்து மக்களின் உழைப்பைக் களவாடி நம் பெருமைக்கு மகுடம் சூட்டுவது தமிழ்ப்பற்றன்று. தாழ்வு மனப்பான்மையின் மறுபக்கமே அது.

தோற்றத்தைப் பற்றிய பொய்யோடு ஆற்றலைப் பற்றிய பொய்யும் கைகோத்தே வருகிறது. மூலவர் தெய்வமானால், அவர் வழிவந்த குருவும் கேள்விக்கு அப்பாற்பட்டவராகிறார். தொடாமலே வீழ்த்துவேன், மூச்சை அடக்கி வாளைத் தடுப்பேன் என்றெல்லாம் அவர் கூறலாம். கேட்ட சீடன் துரோகியாவான். இதன் விலையை 1900இல் சீனத்து ஏழை உழவர்கள் உயிராற் செலுத்தினார்கள். அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்தெழுந்த யீஹெதுவான் வீரரின் நெஞ்சுரத்தை நாம் வணங்குகிறோம். ஆனால், மந்திரமும் சடங்கும் மேனியைத் துளைபடாததாக்கும் என்று அவருக்குப் போதித்தவர்களை எவ்வாறு மன்னிப்பது? எட்டு வல்லரசுகளின் துப்பாக்கிகள் மந்திரத்துக்குக் கட்டுப்படவில்லை. 1918இல் கைச்சண்டையை நாட்டின் அருமருந்தாக உயர்த்திப் பிடித்தவர்களை எதிர்த்து லூ சுன் எழுதியபோது, இந்த அழிவையே நினைவூட்டினார்.

அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. 2017இல் செங்டு நகரில், கலப்புச் சண்டை வீரரான சூ சியாவோதுங், தாய்ச்சி ஆசான் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். தம் பயிற்சியை மீளாய்வு செய்திருக்க வேண்டியவர்கள் வென்றவரையே பண்பாட்டுப் பகைவரெனத் தூற்றினார்கள். உண்மையைக் காட்டிய கண்ணாடியை உடைப்பதா பண்பாட்டுக் காவல்?

பழைய முறைகள் யாவும் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. எதிர்த்து நிற்கும் ஆளோடு நாள்தோறும் பொருதிப் பயிலும் சீன மல்யுத்தம் இன்றும் வலிமையுடையது. 1979 முதல் ஒழுங்குபடுத்தப்பட்ட சான்டா என்னும் போட்டிச் சண்டை, பழைய உதையையும் குத்தையும் பிடியையும் களத்திற் சோதித்தே ஏற்றுக்கொண்டது. 1956இல் மக்களின் உடல்நலத்துக்கென இருபத்து நான்கு நிலைகளாகச் சுருக்கப்பட்ட தாய்ச்சி, முதியோர் தடுமாறி விழாது காக்கும் நற்பயிற்சியாகும். கைச்சண்டை பெரும்போருக்கு உதவுவதாகத் தோன்றாவிடினும் கைகால்களைப் பழக்கும் என்று சீ ஜீகுவாங் அன்றே நேர்மையாக எழுதிவைத்தார். போர்க்களம் கண்டவருக்கு மிகைக்கூற்றுத் தேவைப்படவில்லை. எதிராளியைக் காணாத பயிற்சிக்கே அது தேவைப்படுகிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே! ஒரு கலையைப் போற்றுவோர் அதனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டே தீரவேண்டும்: இதனை ஆக்கியவர் யார்? இது சோதனைக்கு நிற்குமா? முதற்கேள்வி உழைத்த மக்களை வரலாற்றில் அவர்க்குரிய இடத்தில் அமர்த்தும். இரண்டாவது, கற்க வரும் இளைஞனைப் போலிக் குருவிடமிருந்து காக்கும். இவ்விரண்டையும் கேட்க விடாதவர் எவராயினும், அவர் காப்பது கலையையன்று, தம் பீடத்தையே.