உறங்கா வித்துக்கள்

பஞ்சம் வந்துற்ற காலத்தும் விதைநெல்லிற் கை வையாதவன் உழவன். அதனை நன்கு உலர்த்தி, வேப்பிலையிட்டு, அடுத்த மழைக்கெனக் காத்தான். அச்செயலையே இன்று அறிவியலார் அருகிவரும் காட்டுத் தாவரங்களின் பொருட்டுச் செய்து வருகின்றனர்.

இங்கிலாந்தின் வேக்கர்ஸ்ட் என்னுமிடத்தில், கியூ தாவரப் பூங்காவினர் 2000ஆம் ஆண்டில் திறந்த மிலேனியம் வித்து வங்கி இம்முயற்சியிற் பெரியது. ஏறத்தாழ 40,000 இனங்களின் வித்துக்கள் ஆங்கு உலர்த்தப்பெற்று, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைச் சதமவளவுக் குளிரிற் பேணப்படுகின்றன. ஈரங் குறையக் குறைய வித்தின் மூச்சு அடங்கும். குளிர் மிகுந்துழி அதன் முதுமை தாழ்க்கும். நம் நாட்டிற் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையமும் நெல் முதலிய பயிர்களின் வித்துக்களை இம்முறையிற் காத்து வருகின்றது.

எனினும், எல்லா வித்தும் உறங்குவதில்லை. பலாக்கொட்டையை உலர்த்தி, ஓராண்டு வைத்திருந்து நடுவார் எவருளர்? ஈரம் நீங்கின் அதன் உயிரும் நீங்கும். மிகக் கடுமையான அழிவிடருக்குட்பட்ட தாவர இனங்களுள் 36 சதவீதமானவை இத்தகைய வித்துடையன என 2018இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது.

இஃது இலங்கைக்குப் பெரிதும் பொருந்தும். சிங்கராசக் காடு முதலாய ஈரவலயக் காடுகளில் ஓங்கி நிற்கும், சிங்கள மக்கள் ‘துன்’ என வழங்கும் மரங்கள் இத்தீவுக்கே உரியன. அவற்றின் வித்துக்கள் உதிர்ந்தபின் விரைவில் முளைத்தல் வேண்டும், இன்றேல் மடியும். முளைக்கருவைப் பிரித்தெடுத்துத் திரவ நைதரசனில் உறைய வைக்கும் முறையொன்று உண்டு. ஆயின், ஒவ்வோரினத்துக்கும் தனித்தனி ஆய்வும் பெரும் பொருட்செலவும் அதற்கு வேண்டும்.

ஆதலின், ‘வித்தைச் சேமித்துவிட்டோம், இனிக் காடு குறையினும் கேடில்லை’ என்பது பொருந்தாக் கூற்று. உறங்கும் வித்துக்குங்கூட, விழித்தெழுங்கால் வேர் ஊன்ற மண்ணும் மகரந்தங் கொணரும் வண்டும் வேண்டுமன்றோ? உறங்கா வித்துக்கோ காடே களஞ்சியம். ஈரவலயத்திற் சிதறிக் கிடக்கும் சிறு காடுகளுக்கும் காவல் வேண்டும். அவற்றின் வித்துக்களை உதிர்ந்தவுடன் நட்டு வளர்க்கும் நாற்றுமேடைகளும் வேண்டும். வித்து வங்கிக்குப் பொருள் ஒதுக்குவோர் இவ்விரண்டுக்கும் உடன் ஒதுக்குவாராக.