பயிற்சியா, புதிய கங்காணி முறையா?

ஓசூர் சிப்காட் ஆலைகளிலே இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் தொழிலாளித் தோழர்களே! ராயக்கோட்டையிலும் கெலமங்கலத்திலும் தக்காளித் தோட்டத்தில் முதுகொடியும் விவசாயக் கூலித் தோழர்களே! உங்கள் பிள்ளை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான், வெல்டர் படிக்கிறான். “ஜப்பானுக்கு வா, பயிற்சியும் உண்டு, பணமும் உண்டு” என்று அவன் காதில் இன்று ஓதப்படுகிறது. அதில் எது நிஜம், எது பசப்பு என்று பார்ப்போம்.

2017 அக்டோபரில் இந்திய சர்க்காரும் ஜப்பான் சர்க்காரும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ‘தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம்’ என்று அதற்குப் பெயர். மூன்று ஆண்டு, மிஞ்சினால் ஐந்து ஆண்டு அங்கே தொழில் பழகி, கற்றதைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது காகிதத்தில் எழுதிய நோக்கம். 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி ஜப்பான் சென்றபோது, ஐந்து ஆண்டுகளில் 50,000 இந்தியத் திறன் தொழிலாளர்களை அங்கே அனுப்புவது என்று இரு சர்க்கார்களும் இலக்கு வைத்தன. ஜெர்மனியும் சும்மா இருக்கவில்லை. இந்தியத் திறனாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது.

திடீரென்று இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது? அந்த நாடுகளில் ஜனத்தொகை கிழடு தட்டிவிட்டது. பட்டறைக்கு ஆளில்லை, வயலுக்கு ஆளில்லை, முதியவர்களைப் பராமரிக்கவும் ஆளில்லை. ஆள் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னால் ஆளுக்குரிய உரிமையையும் கொடுக்க வேண்டும். ஆகவே ‘பயிற்சி’ என்று ஒரு முக்காடு!

இது நம் கற்பனையல்ல. ஜப்பானில் இத்திட்டம் 1993-ல் தொடங்கியது. 2010 வரை, முதல் ஆண்டில் இருந்தவனுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது. கேட்டால் “நீ மாணவன்தானே” என்றார்கள். பிறகு சட்டமும் குறைந்தபட்சக் கூலியும் வந்தன. ஆனால் கால் விலங்கு கழலவில்லை. எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டானோ அவனிடமே கிடக்க வேண்டும். கூலியைப் பிடித்துக் கொண்டாலும் ஏசினாலும், விட்டு வேறிடம் போவது லேசான காரியமல்ல. 2023-ம் ஆண்டில் மட்டும் 9,753 பேர் வேலையிடத்தை விட்டு ஓடி மறைந்தார்கள் என்று ஜப்பான் சர்க்காரின் கணக்கே சொல்கிறது. நல்ல பயிற்சியை விட்டு இத்தனை பேர் ஓடுவார்களா?

ஓடுகிறவன் கடனோடு ஓடுகிறான். வியட்நாம், இந்தோனேசியா, மியான்மர் முதலிய நாடுகளிலிருந்து சென்றவர்களிடம் ஜப்பான் குடியேற்ற இலாகா விசாரித்து 2022-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒருவன் கொடுத்த தொகை சராசரி 5.4 லட்சம் யென். அன்றைய மதிப்பில் சுமார் மூன்று லட்ச ரூபாய். பாதிப் பேருக்கு மேல் கடன் வாங்கித்தான் கப்பம் கட்டினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டவர் கொடுத்தது மட்டும் மிகக் குறைவு. காரணம், பயிற்சிக்குச் செல்பவனிடம் அனுப்பும் கட்டணம் பிடுங்கக் கூடாது என்று அவர்கள் சர்க்கார் தடுத்திருக்கிறது. சர்க்கார் நினைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தமிழ்நாட்டுக் கூலிகளுக்கு இந்தக் கதை புதிதா? நம் முன்னோரைக் கங்காணி முன்பணம் கொடுத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். முன்பணம் கடனாயிற்று, கடன் சங்கிலியாயிற்று. “இன்ன தொகை கட்டினால் இந்த ஆளை விடுகிறேன்” என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் அடுத்த தோட்டத்தில் கால் வைக்க முடியாது. அந்தத் துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு ஆண்டு கழித்து, கடனும் ஒரே முதலாளிக் கட்டும் விமானம் ஏறி வருகின்றன!

உலகம் ஏசியதைத் தாங்காமல், 2024 ஜூனில் ஜப்பான் பார்லிமெண்டே இத்திட்டத்தை ஒழித்து வேறொன்றைக் கொண்டுவரச் சட்டம் செய்தது. புதிய முறை தொடங்க வைத்த நாள் 2027 ஏப்ரல். அதிலும் ஓராண்டு, ஈராண்டு கழித்து, மொழிப் பரீட்சை முதலிய நிபந்தனைகளோடுதான் முதலாளியை மாற்றலாம். விலங்கு தளர்ந்தது, அறுபடவில்லை.

கடல் கடந்து போவானேன்? இங்கே 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 18-வது பிரிவு என்ன சொல்கிறது? பழகுநர் தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குச் செல்லாது! 2019-ல் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். நிரந்தரத் தொழிலாளி பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவனுக்கு அந்தத் தொகை! அங்கேயும் ‘பயிற்சி’, இங்கேயும் ‘பயிற்சி’. பெயர்ப் பலகை வேறு, சரக்கு ஒன்றே.

“அப்படியானால் நம் பிள்ளைகள் கிணற்றுத் தவளையாகவே கிடக்கட்டும் என்கிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை, ஐயா! நாடு கடந்து தொழில் கற்பதை உழைக்கும் வர்க்கம் ஒருநாளும் எதிர்த்ததில்லை. பிலாய் உருக்காலைக்காக நம் இன்ஜினீயர்கள் சோவியத் நாட்டில் பயின்று வந்தார்கள். திருச்சி பாய்லர் ஆலை 1960-களில் செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடு எழுந்தது. ஓசூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் டி.வி.எஸ். கம்பெனி ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்தது. 2001-ல் அந்தக் கூட்டு முறிந்தது. அதே ஆண்டில் சொந்த வடிவமைப்பிலேயே ‘விக்டர்’ வண்டி வெளிவந்தது. கற்ற கை இந்த மண்ணில் தங்கியதால் நடந்தது இது.

இன்று ஐந்தாண்டு ஜப்பானில் உழைத்துவிட்டு வருபவன் ஓசூரில் எங்கே நிற்பான்? அவன் கற்ற வேலைக்குரிய கிரேடும் சம்பளமும் தர இங்கே யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள்? பழையபடி காண்டிராக்டர் வாசலில்தான் நிற்க வேண்டுமென்றால், அந்தப் பயிற்சி யாருக்காக?

வாத்தியார்கள் கதை என்ன? 1,000 சர்க்கார் ஐ.டி.ஐ.களைச் சீர்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2025 மே மாதம் மத்திய மந்திரிசபை ஏற்றது. 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி என்றும் சொன்னது. நல்லது. ஒரு பையனை அனுப்பினால் ஒருவன் கற்பான். ஒரு பயிற்றுநரை அனுப்பினால் ஆண்டுதோறும் ஒரு வகுப்பே கற்கும். ஆனால் நிர்வாகத்தில் முதலாளிகளுக்கு முதலிடம் தருகிறது திட்டம். தொழிற்சங்கத்துக்கு அங்கே நாற்காலி எங்கே?

நாம் கேட்பது இவை: 1978-ல் தமிழக சர்க்கார் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் மூலமே, கட்டணமின்றி ஆள் அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். முதலாளியை மாற்றும் உரிமை வேண்டும். திரும்பி வருபவனின் சர்வீஸை இங்குள்ள ஆலைகள் ஏற்க வேண்டும். ஐ.டி.ஐ. பயிற்றுநர்களை நிரந்தரமாக்கி, அவர்களையும் அனுப்ப வேண்டும்.

அதுவரை பெற்றோர்களே, உஷார்! காணி நிலத்தை அடகு வைக்காதீர்கள். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்ட விதிகளின்படி பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியுந்தான், ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைப்பது ஜப்பான் சட்டப்படியே குற்றம். அங்கே சங்கத்தில் சேரவும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இதையெல்லாம் உங்கள் மகனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அவன் போகட்டும், கற்கட்டும்! தொழிலாளியாகப் போகட்டும், துண்டுச் சீட்டுக் கூலியாக அல்ல!