பற்சில்லற்ற மோட்டரும் பாரம் சுமப்போரும்

பொறியொன்றின் தகுதியை நிறுத்துக் கூறும் உரிமை அதனை ஆக்கியோர்க்கே உரியது என்றொரு கருத்து நம் பல்கலைக்கழகச் சூழலில் நெடுநாளாக நிலவி வருகின்றது. பொறியியற் பீடத்தார் அதனைப் பெருமிதத்தோடு கூறுவர்; கலைப்பீடத்தார் அதனைத் தாழ்மையோடு ஏற்பர். முன்னையதினும் பின்னையதே வருந்தத்தக்கது. இக்கருத்தோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்றும் உண்டு. வழக்கொழிந்த பொறி, தகுதியின்மையினாலேயே வழக்கொழிந்தது என்பது அது. இவ்விரண்டும் எத்துணைப் பொருந்துவன என்பதை, பற்சில்லின் துணையின்றி அச்சை நேரடியாகச் சுழற்றும் ரயில் மோட்டரின் வரலாற்றை வைத்து நோக்குவோம்.

முதலிற் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். மின்சார ரயில்களிற் பெரும்பாலானவற்றில் மோட்டர் விரைந்து சுழலும். பற்சில்லுகள் அவ்வேகத்தைக் குறைத்து, அதற்கேற்ப முறுக்கு விசையைப் பெருக்கிச் சில்லுக்கு வழங்கும். ஒரு மீற்றர் விட்டமுள்ள சில்லு மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 முறையே சுழல்கின்றது. ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்திற் பற்சில்லுகளைப் பொருத்தின், மோட்டர் ஏறத்தாழ 1900 முறை சுழலும்; வேண்டிய முறுக்கு விசையில் ஐந்திலொரு பங்கைத் தந்தாற் போதும். ஆகவே சிறிய மோட்டரே போதுமானதாகின்றது. பற்சில்லை நீக்கினால் உராய்வினால் விரயமாகும் சக்தி மிஞ்சும். இரைச்சலும் தேய்மானமும் குறையும். ஆயின் முழு முறுக்கு விசையையும் மோட்டரே தந்தாக வேண்டியிருத்தலின் அது பெருத்துக் கனக்கும். பற்சில்லை நீக்கியவர் பாரத்தை நீக்கினாரல்லர். அதனை இடம் மாற்றினார்.

இடம் மாறிய பாரம் யார் தலையில் விழுந்தது? இலண்டன் மாநகரில் 1890 இல் திறக்கப்பட்ட சிற்றி அன்ட் சவுத் லண்டன் நிலக்கீழ்ப் பாதையிலேயே, மோட்டரின் சுழலும் பகுதியை அச்சின்மீது நேரே அமைத்த சிறு இயந்திரங்கள் ஓடின. 1900 இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் லண்டன் பாதைக்கு அமெரிக்க ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனம் 44 டன் நிறையுள்ள பற்சில்லற்ற இயந்திரங்களை ஆக்கி வழங்கியது. அந்நிறையிற் பெரும்பகுதி வில்லின்மேல் தாங்கப்படாது அச்சுகளின்மீதே நேராக இருந்தது. அத்தகைய நிறை தண்டவாளத்திற் சம்மட்டிபோல் மோதும் இயல்பினது. இரண்டு பென்சுக் கட்டணத்தாற் புகழ்பெற்ற அப்பாதையிற் பயணிகள் திரண்டனர். ஆனால் சுரங்கத்தின் மேலே வாழ்ந்தோரின் கட்டடங்கள் அதிர்ந்தன. அவர்கள் முறையிட்டனர். வர்த்தகச் சபை பௌதிக அறிஞர் றேலீ பிரபுவின் தலைமையிற் குழுவொன்றை நியமித்து ஆராய்ந்தது. பற்சில்லுள்ள மோட்டர்களும், மோட்டர் பொருத்திய பெட்டிகளைக்கொண்ட தொடர்களும் சோதிக்கப்பட்டன. 1903 இல் அத்தொடர்களே பழைய இயந்திரங்களின் இடத்தைப் பிடித்தன.

இங்கே மனங்கொள்ளத்தக்கது யாதெனில், அவ்வியந்திரத்தின் குறையை முதலிற் கண்டவர்கள் அதனை ஆக்கியோருமல்லர், அதில் ஏறிச் சென்றோருமல்லர் என்பதே. வண்டியில் ஒருபோதும் காலடி வைக்காதவரும் அதன் பாரத்தைச் சுமந்தனர். றேலீயின் குழு அதிர்வை அளந்தது உண்மை. ஆயின் அளக்க வேண்டியது எது என்பதைச் சொன்னவர்கள் அவ்வீட்டார்.

இதனைக் கேட்போர், 'அவ்வாறாயின் பற்சில்லற்ற மோட்டர் தோல்வியுற்ற பொறிதானே' என்பர். இதுவும் அவசரத் தீர்ப்பே. 1919 இல் அதே ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனம் மில்வோக்கி ரயில் நிறுவனத்துக்கு ஐந்து பற்சில்லற்ற இயந்திரங்களை ஆக்கியது. அவற்றிற் சுழலும் பகுதி மாத்திரமே அச்சின்மேல் இருந்தது. காந்த முனைகள் இரண்டும் வில்லின்மேல் தாங்கப்பட்ட சட்டத்தோடு இணைந்திருந்தன. அம்முனைகளின் முகங்கள் தட்டையாக இருந்தமையால், இடையே அச்சு தடையின்றி மேலும் கீழும் அசைய முடிந்தது. இழுவை வேலை பன்னிரண்டு அச்சுகளுக்குப் பகிரப்பட்டது. வாஷிங்ரன் மாநிலத்தின் கஸ்கேட் மலைத்தொடரினூடே அவை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பயணிகள் வண்டிகளை இழுத்தன. இலண்டனிற் பிழைத்தது தத்துவமன்று. பாரத்தைப் பகிர்ந்த முறையே.

நிலைக்காந்த மோட்டர்களின் வருகையால் அத்தத்துவம் மீண்டும் உயிர்பெற்றுள்ளது. கிழக்கு யப்பான் ரயில் நிறுவனம் 2007 இல் இவ்வகை மோட்டர்களைக்கொண்ட ஈ331 என்னும் ஒரேயொரு தொடரைச் சேவையில் இட்டது. 2014 இல் அது நீக்கப்பட்டது. செக் நாட்டுத் தலைநகர் பிராக்கிலோ, ஸ்கோடா நிறுவனம் ஆக்கிய 250 ட்ராம் வண்டிகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் பதினாறு சில்லுகளில் ஒவ்வொன்றுக்கும் பற்சில்லற்ற தனி மோட்டர் உண்டு. ஒரே தத்துவம் ஓரிடத்தே விலக்கப்பட்டு வேறோரிடத்தே நிலைபெறுமாயின், 'வழக்கொழிந்தது தகுதியற்றது' என்ற சூத்திரம் எங்ஙனம் நிற்கும்?

ஆயினும் புதிய மோட்டரைப் போற்றுவோரிடமும் பழைய வினாவையே எழுப்ப வேண்டியுள்ளது. குறைந்த நிறையில் மிகுந்த முறுக்கு விசையைத் தரும் வல்லமையை இம்மோட்டர்களுக்கு அளிப்பன பெரும்பாலும் நியோடிமியம் கலந்த காந்தங்கள். அத்தகைய அருமண் உலோகங்களை அகழ்ந்து பிரித்தெடுப்பதில் இன்று முன்னிற்பது சீனா. உள்மொங்கோலியாவின் பயான் ஒபோ சுரங்கத்துத் தாதுவின் கழிவு பாஓடௌ நகரின் அருகே பெருந்தேக்கமாகக் கிடக்கின்றது. அயற்கிராமங்களின் நிலத்தடி நீர் அதனாற் கெட்டது. பற்சில்லுள்ள மோட்டர்களிலும் இக்காந்தங்கள் இடம்பெறுவதால் குற்றத்தைப் பற்சில்லற்ற மோட்டரின்மேல் மாத்திரம் சுமத்துவது நீதியாகாது. எனினும், 'பாரங்குறைந்த மோட்டர்' எனும்போது யாருக்குப் பாரம் குறைந்தது என்று கேட்டாக வேண்டும். இலண்டனில் தண்டவாளத்தின் மேல்வீட்டார் சுமந்தது அயலாரின் காதுக்கு எட்டியது. பிராக்கில் ட்ராம் ஏறுவோர்க்குப் பாஓடௌவின் உழவர் அயலாரல்லர். அவர்கள் குரல் எட்டுவதில்லை.

உணர்ச்சியால் இயந்திரத்தை நிறுக்க முடியாது என்பர் பொறியியல் நண்பர்கள். உண்மையே. அதனாலேயே கலைப்பீடத்தார் முறுக்கு விசையின் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும் என்கிறோம். கணக்கறியாத கண்டனம் வெறுங் கூச்சலாகும். சுமப்போரை எண்ணாத கணக்கோ குறைக்கணக்காகும். ஒரு பொறியைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுதப் புகுவோர், அதன் நிறை எத்தனை டன் என்று கேட்பதோடு நில்லாது, அந்நிறை எவர்மீது இறங்குகின்றது என்றும் கேட்பாராக. இரண்டாவது வினாவைக் கேட்க எந்தப் பீடத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.