எழுத்தெண்ணிப் படித்தல்

ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று புகழ்வது நம் நாட்டு வழக்கு. அத்தொடர் இக்காலத்தில் வேறொரு வகையிலும் மெய்யாகி வருகின்றது. நம் விடுதியில் மாலை வேளைகளில் மாணவர் சிலர் கூடி, ஆங்கில எழுத்துக்கள் பொறித்த சிறு சதுரக் கட்டைகளைப் பலகைமேல் அடுக்கி, 'ஸ்கிராபிள்' என்னும் சொல்லாட்டம் ஆடுகின்றனர். அதில் வெல்லும் பொருட்டு ஈரெழுத்துச் சொற்கள், மூவெழுத்துச் சொற்கள், 'க்யூ' வந்தும் 'யு' வாராத சொற்கள் என நீளத்தாலும் எழுத்தாலும் வகுத்த பட்டியல்களைக் கைப்பேசியில் வைத்து உருப்போடுகின்றனர். இவர்களும் எழுத்தை எண்ணியே படிக்கின்றனர். பொருளை எண்ணுவார் அரியர். இதனைக் குறித்து ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

இவ்வாட்டத்தை இழித்துரைப்பது எம் கருத்தன்று. அமெரிக்க நாட்டுக் கட்டடக் கலைஞராகிய ஆல்பிரெட் பட்ஸ் என்பார் 1930-களில், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்திருந்த காலத்தில் இதனை வகுத்தார். செய்தித்தாள்களில் எவ்வெழுத்து எத்துணை முறை வருகின்றதென எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப எழுத்துக்களுக்கு மதிப்பளித்தார். எங்கும் வரும் 'ஈ' என்னும் எழுத்திற்கு 1. அருகி வரும் 'க்யூ', 'ஸெட்' என்பவற்றிற்கு 10. இப்போதுள்ள பெயர் 1948-இல் அமைந்தது. இவ்வாட்டத்தால் நம்மனோர்க்கு விளைந்த நன்மையும் உண்டு. விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர்களினின்று தமிழ் வழியில் கற்று வந்தோர் பலர் ஆங்கில வகுப்பில் வாய் திறக்க அஞ்சுவர். யாமும் அவ்வினத்தைச் சேர்ந்தோமே. பலகையின்முன் அவ்வச்சம் இல்லை. உச்சரிப்புப் பிழைத்ததென்று அங்கே நகைப்பாரும் இல்லை.

நிற்க. சென்ற விடுமுறையில் எம் தோழர் ஒருவர், சிவகாசிக்கு அண்மையிலுள்ள தம் ஊருக்குச் சென்றிருந்தார். அவர் அன்னையார் பட்டாசுப் பெட்டிகளுக்குத் தாள் ஒட்டும் வேலை செய்பவர். ஆங்கிலத்தில் அச்சிட்ட அத்தாள்களைப் பல்லாண்டுகளாக ஒட்டி வரும் அவ்வம்மையார், அன்று ஒன்றை எடுத்து நீட்டி, "இந்தப் புஸ்வாணத் தாள்ல என்னய்யா எழுதியிருக்கு? நீதான் இங்கிலீஷ் படிக்கியே!" என்று வினவினார்.

அத்தாளில் 'எமிட்' என்றொரு சொல் இருந்தது. தோழருக்கு அது பழக்கமான சொல்லே. ஆங்கிலத்தில் அது நான்கெழுத்துச் சொல். அந்நான்கையும் மாற்றியடுக்கினால் 'டைம்', 'ஐட்டம்', 'மைட்' என வேறு மூன்று சொற்கள் பிறக்கும். இவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயின் அச்சொல்லின் பொருள் யாது? அஃது அவருக்குத் தெரியவில்லை. தலை கவிழ்ந்து அகராதியைத் தேடிப் பார்த்து, 'பொறிகளை உமிழும்' என்பது கருத்தென அவர் உரைத்தபோது, அன்னையார் நகைத்து, "பொறி கக்கும்னு சொல்லு. இதுக்கா இம்புட்டு நேரம்?" என்றனராம். இதனை எம்மிடம் கூறுங்கால் தோழரும் நகைத்தார். எனினும் அவர் முகத்தில் நாணம் தெரிந்தது.

இது நகைத்து விடுதற்குரிய செய்தியன்று. வெடிமருந்தைக் கையாண்டு பிழைக்கும் ஊரில், ஒரு தாளிலுள்ள எச்சரிக்கையின் பொருள் தெரிதலும் தெரியாமையும் ஒன்றாகா. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டதை எம் பகுதியார் மறந்திலர். அது சொல்லறியாமையால் நேர்ந்ததென யாம் கூறவில்லை. அத்தகைய ஊரினின்று கற்க வந்தவன், தான் கற்ற சொல்லின் பொருளைத் தன் வீட்டிற்குக் கொண்டு செல்லாதிருத்தல் தகாது என்றே கூறுகின்றோம்.

பொருளறியாமலே ஆட்டத்தில் வெல்லக் கூடுமோ எனின், கூடும். நியூசிலாந்து நாட்டவராகிய நைஜெல் ரிச்சர்ட்ஸ் என்பார் 2015-இல் பிரெஞ்சு மொழிச் சொல்லாட்டத்தில் உலகப் பட்டம் பெற்றார். அவர் பிரெஞ்சு பேச அறியார். சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனத்திற் பதித்தே வென்றார். அவர்தம் நினைவாற்றல் வியக்கத்தக்கதே. ஆட்டக்காரர்க்கு அது போதும். மொழியைக் கொண்டு பிறரோடு பேசவும், எழுதவும், தொழில் தேடவும் வேண்டிய மாணவர்க்கு அது போதாது. உள்ளே சரக்கில்லாத பெட்டிக்கு எத்துணை அழகிய தாள் ஒட்டினும் தீபாவளியன்று அது வெடியாது.

இனி, நீளத்தாலும் எழுத்தாலும் சொற்களை வகுத்தல் தமிழர்க்குப் புதிதோ எனின், அன்று. தொல்காப்பியர் சொற்களை ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, இரண்டிற்கு மேற்பட்ட எழுத்தாலாகிய தொடர்மொழி என மூவகைப்படுத்தினார். தீ, பூ, கை, மை போன்ற ஓரெழுத்தொருமொழிகள் 42 என நன்னூலார் தொகை கூறினார். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி, இரண்டாம் எழுத்தின் ஒற்றுமையாகிய எதுகையை நோக்கிச் சொற்களை நிரல்படுத்துகின்றது. இத்தாலியினின்று வந்து, நம் பகுதியை அடுத்த காமநாயக்கன்பட்டியிலும் சிலகாலம் தொண்டாற்றிய வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்தது சதுரகராதி. அதன் நான்கு பகுதிகளுள் ஒன்றாகிய தொடையகராதி, செய்யுள் இயற்றுவோர்க்கு உதவும்படி எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவது.

ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. சூடாமணியின் அத்தொகுதி ஒரு சொல்லைச் சொன்ன அளவிலே அதன் பல பொருள்களையும் உடன் கூறிவிடும். திண்ணைப் பள்ளிச் சிறுவன் எதுகையின் இனிமையால் சொல்லை நினைவிற் கொண்டான். சொல்லோடு பொருளும் அவன் நெஞ்சிற் புகுந்தது. இக்காலப் பட்டியல்களிலோ பொருளுக்கு இடமே இல்லை.

"ஆட்டத்திலும் பாடமோ?" என்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கலாம். எம் வேண்டுகோள் எளியதே. பலகைமேல் ஒரு சொல்லை வைப்பவர் அதன் பொருளைத் தமிழில் கூறுக; கூற இயலாதவர்க்குப் பாதி மதிப்பெண்ணே தருக. ஆட்டம் சிறிது தாமதிக்கும், சுவை குறையாது.

வாரம் ஒருநாள் தமிழிலும் ஆடுவோம். அதற்குக் கட்டையும் பலகையும் வேண்டா. 'குதிரை' என்னும் மூவெழுத்தில் முதலெழுத்தை நீக்கின் 'திரை'. இடையெழுத்தை நீக்கின் 'குரை'. கடையெழுத்தை நீக்கின் 'குதி'. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் எழுத்தைக் குறைத்துக் குறைத்துப் பொருள் காணும் அக்கரச்சுதகத்திற்கு இது நெருங்கிய உறவு. நம் ஊர்ப் பெயரையே காண்க: ஆங்கிலத்தில் 12 எழுத்துப் பெறும் 'விருதுநகர்', தமிழில் ஆறெழுத்தே. அவ்வாறனுள் விருதும் நகரும் மட்டுமோ? கரு, கவி, கருவி, துருவி என்பனவும் அடங்கியுள்ளன. பொருள் கேட்டுத் திகைக்க வேண்டாத சொற்கள் இவை.

எம் தோழர் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றார். பட்டியலில் காணும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருளைத் தமிழில் எழுதி வருகின்றார். அதில் முதற்சொல்லுக்கு எதிரே 'கக்கும்' என்றே எழுதியுள்ளார். மாணவ நண்பர்காள்! அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், நாம் ஒவ்வொருவரும் பத்துச் சொற்களையேனும் பொருளோடு வீட்டிற்குக் கொண்டு செல்வோமாக.