மூட்டு வலியை மறைக்காதீர்



நம்மில் பலருடைய இடது தோளில் சிறு தழும்பு ஒன்று உண்டு. காசநோயைத் தடுக்கப் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. அம்மருந்தைத் தயாரிக்கவே சென்னை கிண்டியில் 1948-இல் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது.

அதே பி.சி.ஜி., சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்தாகிறது. கனடா நாட்டு மருத்துவர் மொராலெஸ் குழுவினர் 1976-இல் இதனை உலகுக்கு அறிவித்தனர். தசைக்குள் ஊடுருவாத கட்டியைச் சுரண்டியெடுத்துச் சில வாரங்கள் சென்றபின், வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், மெல்லிய குழாய் வழியே மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவர். அதிலுள்ள வலுவிழந்த உயிர்க்கிருமிகள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்ப, அவ்வாற்றல் புற்றணுக்களைத் தாக்குகின்றது.

சிறுநீர் எரிச்சலும் ஓரிரு நாள் இலேசான காய்ச்சலும் பலருக்கு வரும். ஆனால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு, அல்லது அதனினும் குறைவானோருக்கு, விழித்தெழுந்த எதிர்ப்பாற்றல் மூட்டுகளின் மீதும் பாய்கின்றது. பெரும்பாலும் சில தடவை மருந்து ஏற்றிய பிறகே முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகியவை வீங்கி வலிக்கும். சிலருக்குக் கண்களும் சிவக்கும்.

சேலம், நாமக்கல் பகுதிகளில் லாரி ஓட்டியும் தறியில் நின்றும் உழைத்தவர்களுக்கு மூட்டு வலி புதிதன்று. 'வயதுக்கு வரும் வாதம்' என்றோ, 'சிக்குன்குனியா' என்றோ எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவர். சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தால், அடுத்த வாரமும் வாய் திறவாமல் மருந்தை ஏற்றிக்கொள்வோரும் உண்டு. எலும்பு மருத்துவரிடம் சென்றாலோ, கூச்சத்தால் சிறுநீர் நோயைச் சொல்வதில்லை.

இம்மௌனம் தீங்கு பயக்கும். வீக்கம் கண்டால் அடுத்த தவணையை நிறுத்தி, வலியும் அழற்சியும் தணிய மருந்து கொடுப்பர். பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் நலமடைவர். கிருமியே உடலில் பரவுவது மிக அரிது. அப்போது காசநோய் மருந்துகள் தேவைப்படும். அவற்றுள் பைரசினமைடு இக்கிருமியிடம் பலிக்காது. ஆகவே எம்மருந்து ஏற்றப்பட்டது என்பதை மருத்துவர் அறிந்திருப்பது இன்றியமையாதது.

எனவே, எந்த மருத்துவரிடம் சென்றாலும் சிகிச்சைச் சீட்டை உடன் கொண்டு செல்லுங்கள். குளிர் நடுக்கமோ, தணியாத கடுங்காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவமனைக்கு விரையுங்கள். பி.சி.ஜி. நின்றாலும் வழி அடைபடுவதில்லை. புற்றுநோய்க்கு வேறு சிகிச்சைகளும் உள்ளன. வீட்டிலுள்ளோரும், "மூட்டு எப்படி இருக்கிறது?" என்று வாரந்தோறும் கேட்பது நன்று.