ரைஃபிளுக்குத் தெரியாது எதிரில் நிற்பது யாரென்று

பிஜிஎம்ஐ ஆடுறவங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்குள்ள புகுந்தா ஷாட்கன், வெளியே வந்தா எம்416. போலீஸ் துறைகள் ஷாட்கன்னை விட்டுட்டு ரைஃபிளுக்கு மாறினதுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் காரணம்.

ஷாட்கன் தோட்டா ஒன்று கிடையாது. அமெரிக்க போலீஸ் பயன்படுத்தும் 12 போர் பக்ஷாட்டில் வழக்கமாக எட்டு ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும். தூரம் கூடக்கூட அவை விரிந்துகொண்டே போகும். இருபத்தைந்து மீட்டர் தாண்டினால் சில குண்டு குறியில் படும், சில குண்டு பக்கத்தில் நிற்பவர் மேல் படும். ரைஃபிளில் ஒரே தோட்டா, வைத்த குறிக்கே போகும். வேகமும் அதிகம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம்னு ஃபிசிக்ஸ்ல படிச்சோமே, அதேதான்.

1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த் ஹாலிவுட்டில் உடல் கவசம் போட்ட இரண்டு வங்கிக் கொள்ளையர்கள் முன்னால் போலீஸின் பிஸ்டலும் ஷாட்கன்னும் எடுபடவில்லை. அதற்குப் பிறகு அமெரிக்க ரோந்து வண்டிகளில் ரைஃபிள் பரவலாக ஏறியது. நம்ம நாட்டில் 2008 நவம்பர் 26. மும்பை சிஎஸ்டி ஸ்டேஷனில் ஏகே ரைஃபிளோடு வந்தவர்களை, லத்தியும் முதல் உலகப் போர்க் காலத்து .303-ம் வைத்திருந்த போலீஸ்காரர்கள் எதிர்கொண்டார்கள். அவர்களுக்கு நல்ல ரைஃபிள் தேவையில்லைன்னு யாராவது சொன்னால் நான் ஒத்துக்க மாட்டேன்.

இதுவரைக்கும் சரி. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரே ஒரு கேள்விக்கான விடை: ஆயுதம் வைத்திருக்கும் ஒருத்தனை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அடிபடாமல், எப்படி நிறுத்துவது?

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் கேட்கப்பட்டது அந்தக் கேள்வி இல்லை. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். மக்கள் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். வேன் மேல் ஏறி ரைஃபிளால் குறிபார்த்த வீடியோவை நாம எல்லாரும் பார்த்தோம். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. முன்னெச்சரிக்கை இல்லாமல், மறைவிடத்திலிருந்து, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. தூரமும் துல்லியமும்தான் ரைஃபிளின் பெருமை. அந்த இரண்டும் சேர்ந்துதான், தங்களுக்கு எந்த ஆபத்தும் தராத தூரத்தில் ஓடுபவர்களைக் கொல்ல உதவின.

அப்போ கூட்டத்துக்கு ஷாட்கன் பரவாயில்லையான்னு கேப்பீங்க. காஷ்மீரைப் பாருங்க. உயிர் போகாதுன்னு சொல்லி 2016-ல் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியில் பெல்லட் சுட்டார்கள். நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம், பலருக்குப் பார்வையே போனது. விரியும் குண்டுக்குக் கல்லெறிந்தவரும் ஜன்னலில் நின்றவரும் ஒன்றுதான். கூட்டத்துக்கு முன்னால் இரண்டுமே தப்பான கருவி.

இதை ஏன் நம்ம ஏரியாவில் உட்கார்ந்து எழுதுறேன்? தூத்துக்குடி மாதிரியே நமக்கும் துறைமுகம், ஆலை, மீனவர் குப்பம் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கு. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடிவந்த ஜனங்கதான் மறுநாள் ஆலையை மூடச் சொல்லிப் போராட உட்கார்ந்தது. அங்கே துப்பாக்கிச்சூடு நடக்கவில்லை. நல்லது. ஆனால் வடசென்னைக்கு இது புதுசும் இல்லை. 1921-ல் பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். நாளைக்குத் திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை மறித்து உட்காரப் போவது உங்க சித்தப்பாவாகவோ, காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவாகவோ இருக்கலாம்.

அதனால் என் கருத்து இதுதான். ரோந்து வண்டியில் ரைஃபிள் இருக்கட்டும். போராட்டத்துக்குப் பாதுகாப்பு என்று வரும் போலீஸ் கையில் அது வேண்டாம். எச்சரிக்கை, தண்ணீர் பீய்ச்சுதல், கண்ணீர்ப்புகை என்ற வரிசை விதியில் இருக்கிறது. குறைந்தபட்ச பலம் என்பதும் விதிதான். வரிசையைத் தாண்டிச் சுட்டவர்களும் சுடச் சொன்னவர்களும் கோர்ட்டில் நிற்காதவரை, அந்த விதி வெறும் காகிதம்.

நாம இன்ஜினியரிங் பசங்க. எந்தக் கருவி சிறந்தது என்று சண்டை போட நமக்குப் பிடிக்கும். அதுக்கு முன்னாடி, அந்தக் கருவியை யாரைப் பார்த்து நீட்டப் போறாங்கன்னு கேளுங்க.